மாலை முழுவதும் எங்களுடையது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அன்னவாசலில் திலகவதி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி திலகவதி, அவள் கணவர் சண்முகம், கல்யாணப் பெண் காவ்யா, திலகவதியின் உடன்பிறந்த அண்ணன் நாகராசு, நாகராசுவின் மனைவி கண்ணாத்தாள். மாப்பிள்ளை கோபிநாத் சென்னையிலிருந்து கைபேசியில் இருந்தார். ஆனால் நெற்றி மட்டும்தான் தெரிந்தது என்பதால் அவரை முழு ஆளாகக் கணக்கில் சேர்க்க முடியாது. பிளெஸ்ஸி என்ற பெண் பதினொன்றரைக்குத்தான் வந்தாள். வேறு யாரும் அங்கே இல்லை.

கூடியது பூ விஷயமாக. கல்யாணம் ஆவணியில், சென்னை வேளச்சேரியில் ஒரு மண்டபத்தில். பெண்ணும் மாப்பிள்ளையும் வேலை பார்ப்பது அங்கே, மாப்பிள்ளை வீட்டாரின் சனம் பாதி அங்கே. சொந்த ஊரை விட்டுவிட்டு அத்தனை தூரம் போய்த் தாலி கட்டுவதா என்று கேட்ட நாகராசு, ஒப்புக்கொள்ள மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். ஒப்புக்கொண்ட மறுநாளே, மண்டபத்தை அலங்கரிக்க 'ஃப்ளோரல் டிசைனர்' ஒருவர் வேண்டும் என்றார்கள். பூக்கட்டுகிறவரை அவருக்குத் தெரியும், பந்தல் போடுகிறவரைத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இப்படி ஓர் உத்தியோகம் முளைத்திருப்பது தெரியாது.

"யாரா இருந்தாலும் நான் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்" என்றார். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. திலகவதி வீட்டில் கிரைண்டர் வாங்கியபோதும் அவர்தான் வந்து கல்லைத் தட்டிப் பார்த்தார்.

நாகராசு வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடம் பட்டாவும் அடங்கலும் படித்த கண். எழுத்தில் ஒரு கொம்பு விடுபட்டிருந்தாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு சாய்மானத்தைத் தொடாது. சாய்கிற மனிதனிடம் மற்றவர்களும் சாய்ந்து பேசுவார்கள் என்பது அவர் கருத்து.

காவ்யாவுக்கு அவர் ஒருவர்தான் தாய்மாமன். அவர் மடியில் உட்கார்ந்துதான் அவள் காது குத்திக்கொண்டு கத்தினாள். பெரியவளானபோது முதல் சீர் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. இனி மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று மேடையில், தாய்மாமன் கொண்டுவந்த மாலைதான் பெண் கழுத்தில் முதலில் ஏற வேண்டும். அவருக்குப் பிறந்தது இரண்டும் மகன்கள், இருவரும் துபாயில். உடன்பிறந்தவள் ஒருத்தி, அவளுக்குப் பெண் ஒருத்தி. இந்த மாலையோடு அவருடைய மாமன் வேலை முடிந்தது. மூன்று மாதமாக அவர் மனசு முழுக்க அந்த மாலைதான் இருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை, யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. நம் பக்கத்தில் தாய்மாமன் மாலை எடுத்து வருவது ஒருவர் சொல்லி ஒருவர் செய்கிற காரியம் இல்லை.

முதலில் ரகுநாத் என்ற டிசைனர் சென்னையிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியில் தோன்றினார். காவ்யா மடிக்கணினியை அதோடு இணைத்திருந்தாள். குடுமி வைத்த, கறுப்புச் சட்டை போட்ட மனிதர். அவர் பேச்சில் கான்செப்ட், மூட், பேஸ்டல் ஆகியவை மாறி மாறி வந்தன. வினைச்சொல் மட்டும் அவ்வப்போது தமிழில் வந்தது.

"பேக்டிராப் முழுக்க பாம்பாஸ் கிராஸ் சார். அப்படியே ஒரு ட்ரீம் மாதிரி இருக்கும்" என்று ஒரு படம் காட்டினார்.

நாகராசு கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "தம்பி, இது நாணல்தானே?"

"இம்போர்டட் சார்."

"எங்க கம்மாக்கரையில மாடுகூடத் திங்காம கிடக்கு. எத்தனை கட்டு வேணும் ஒங்களுக்கு?"

சண்முகம் துண்டால் வாயை மூடிக்கொண்டார். கைபேசியில் மாப்பிள்ளையின் நெற்றி குலுங்கியது.

ரகுநாத் விடவில்லை. தாலி கட்டும் நேரத்தில் மேலேயிருந்து மெஷின் ஒன்று ரோஜா இதழைக் கொட்டும் என்றார்.

"அப்ப அட்சதையைக் கையில வச்சிருக்க சனம் என்ன பண்ணும்?"

"அவங்க வீடியோ எடுக்கலாம் சார்."

நாகராசு பெட்டியை அணைக்கும்படி கையால் சைகை காட்டினார். முப்பத்து நான்கு வருடத்தில் பல மனுக்கள் அந்தச் சைகையோடு முடிந்திருக்கின்றன.

பிளெஸ்ஸி நேரிலேயே வந்தாள். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம், தொழில் சென்னையில். அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் இதையும் பார்த்துவிடலாம் என்று சின்ன கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பின்சீட்டில் இரண்டு பிளாஸ்டிக் வாளி நிறையப் பூ. முப்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வாளிகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"வணக்கங்க ஐயா. நீங்கதான் மாமாவா? காவ்யா சொன்னாங்க, ஒங்களைத் தாண்டினாத்தான் மண்டபமேன்னு."

"அப்படியெல்லாம் இல்ல" என்றார் நாகராசு. அப்படித்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

அவள் வாளியிலிருந்து ஐந்து வெள்ளை ரோஜாவை உருவி அவர் முன்னால் நீட்டினாள். "இதுல ஒண்ணு துணிப் பூ. எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"நான் ஒங்களைப் பரீட்சை பண்ணத்தான் உக்காந்திருக்கேன்."

"அது அப்புறம் பண்ணுங்க ஐயா. மொதல்ல என்னோடது."

 அண்ணனிடம் இப்படி யாரும் பேசி திலகவதி கேட்டதில்லை. நாகராசு ஐந்தையும் வாங்கினார். மோந்து பார்த்தார், ஐந்தும் மணத்தன.

"செண்ட் அடிச்சிருக்கேன்" என்றாள் பிளெஸ்ஸி.

இதழைத் தொடவில்லை அவர். ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்துத் தண்டை வெளிச்சத்தில் திருப்பினார். நான்காவது தண்டில் நிறுத்தினார். "இது. தண்டுல அச்சுக்கோடு ஓடுது. கடவுள் படைச்சதுல ஒட்டுப் போட்ட இடம் தெரியாது."

"ஆத்தாடி!" என்றாள் பிளெஸ்ஸி. "ஆறு வருசமா இந்த வெளையாட்டு காட்டுறேன் ஐயா. தண்டைப் பார்த்துச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

நாகராசு ரோஜாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். கண்ணாத்தாளுக்குப் புரிந்துவிட்டது: ஆள் விழுந்தாச்சு. அவர் பெரிய சந்தோஷத்தில் இருந்தால் சிரிக்க மாட்டார், செருமுவார்.

அதன்பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. மணவறைக்குப் பின்னால் சம்பங்கிச் சரம், வாசலில் வாழையும் தென்னங்குருத்தும், உயரத்தில் யார் கையும் படாத இடத்துக்கு மட்டும் துணிப் பூ. "மேல கட்டுறது பொய்ப் பூன்னு நானே சொல்லிடுறேன் ஐயா. சாயங்காலம் வரைக்கும் வாடாம நிக்கணும்ல." அந்த நேர்மை அவருக்குப் பிடித்தது. அறந்தாங்கியில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்தார் என்று விசாரித்தார். அவள் அப்பா பெயரைச் சொன்னதும், "ஆத்மநாதன்னு ஒரு தாசில்தார் இருந்தப்ப சர்வேக்கு வந்தவர்தானே? நேர்கோடு போடுற மனுசன்" என்று அவளுக்கே தெரியாத ஒரு சான்றிதழையும் கொடுத்தார்.

"அப்ப முடிச்சிடலாமா அண்ணே?" என்றாள் திலகவதி. "நாளைக்குள்ள சொல்லலைன்னா அந்தத் தேதியை வேற வீட்டுக்குக் கொடுத்திடுவாங்க."

"எழுத்துல என்ன இருக்குன்னு பார்ப்போம்."

என்னென்ன செய்வோம் என்ற பட்டியலை பிளெஸ்ஸி தமிழிலேயே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தாள். நாகராசுவுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனாலும் நம் வீட்டுக் காரியம் நம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அவர்தான் காவ்யாவிடம் சொல்லியிருந்தார். மொத்தம் இரண்டு தாள். முதல் தாளின் தலைப்பு 'காலை'. அதன் கீழ் மணவறை, வாசல், நடைபாதை, சாப்பாட்டுக்கூடம் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துப் பென்சிலால் கோடு போட்டார். இதற்குள் காபி வந்தது. குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு இரண்டாவது தாளைத் திருப்பினார்.

'மாலை: முழுவதும் எங்களுடையது. பெண் வீட்டார் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை.'

பென்சில் அந்த இடத்திலேயே நின்றது.

இரண்டாவது முறை படித்தார். முழுவதும் எங்களுடையது. எதுவும் கொண்டுவரத் தேவையில்லை. காது குத்த மடி கொடுத்தவன் சும்மா இருக்கலாம். சென்னையில் கடை வைத்திருக்கிறவள் வாளியிலிருந்து ஒரு மாலையை எடுத்துப் பெண் கழுத்தில் போடுவாள். தாய்மாமன் கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுக்கலாம்.

தாள்களை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு வேண்டாம்" என்றார்.

பிளெஸ்ஸியின் கையில் பாதிக் காபி இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே திடீர்னு?"

"பேச்சு அதிகம்."

"இப்பத்தானே அவங்க அப்பா நேர்கோடு போடுவார்னீங்க!"

"அப்பா போட்டார். அது வேற."

சண்முகம் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். திலகவதியைக் கட்டிய நாளிலிருந்து மச்சானைச் சீண்டுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. "அப்ப யாரு மச்சான் வேணும் ஒங்களுக்கு? அந்தக் குடுமிக்காரரா?"

"அவருக்கென்ன குறை?" என்றார் நாகராசு.

"நாணல் மச்சான்! மாடு திங்காதுன்னு சொன்னீகளே!"

"மாட்டுக்கா கல்யாணம்? நாணல் சுத்தமான பொருள். வாடாது, நாறாது. வேண்டாத எடத்துல தலையிடாது."

"மெசினு?"

"மெசினாவது அது பூவைக் கொட்டுறதோட நிக்குது."

கைபேசியிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "மாமா, ரகுநாத்தையே வச்சுக்கலாமா அப்ப?" நெற்றி பதற்றமாகத் தெரிந்தது.

"நீங்க நெத்தியை இறக்குங்க மொதல்ல" என்றாள் காவ்யா. அவள் கண் கலங்கத் தொடங்கியிருந்தது. "மாமா, என்ன தப்புன்னு சொல்லுங்க. நான் மாத்தச் சொல்றேன்."

அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. 'மாலை நான் கொண்டுவர வேண்டியது' என்று வாயைத் திறந்து கேட்டுவிட்டால், அவர்கள் உடனே 'சரி மாமா, கொண்டு வாங்க' என்பார்கள். கேட்டு வாங்கினால் அது உரிமை இல்லை, அனுமதி. அனுமதி மனுவை அவர் வாழ்நாளெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் நின்றதில்லை.

"ஏங்க" என்றாள் கண்ணாத்தாள். "சட்டைப்பையில மடிச்சு வச்சதை எடுங்க. அதைப் படிச்சப்பத்தான் ஒங்க மூஞ்சி மாறிச்சு."

"அடுப்படியில வேலை இல்லையா ஒனக்கு?"

"இது தெலகா வீட்டு அடுப்படி. எனக்கு இங்க விருந்தாளி வேலைதான்."

நாகராசு எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார். "தெலகா, நீ யாரை வேணாலும் வச்சுச் செய்யி. பத்திரிகையில எம்பேரை எடுத்துடு. மாமன் இல்லாத வீட்டுல எப்படிச் செய்வாகளோ அப்படிச் செஞ்சுக்கங்க."

திலகவதி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு பெரிய குரலில் அழ ஆரம்பித்தாள். "என்ன வார்த்தை சொல்லிட்ட அண்ணே! ஒன்னைய விட்டுட்டு எனக்கு எந்தக் காரியம்? நான் என்ன செஞ்சேன்?"

தங்கை அழுதால் அவரால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்க முடியும். ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தது. சட்டைப்பையிலிருந்து தாளை உருவி சண்முகத்தின் மடியில் போட்டார்.

"ரெண்டாவது தாள். மேல் வரி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க மாப்பிள்ளை. படிச்சிட்டு நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க."

சண்முகம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "மாலை, முழுவதும் எங்களுடையது. பெண் வீட்டார் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை." நிமிர்ந்தார். "நல்லதுதானே மச்சான்? ரிசப்ஷன் வேலை பூராவும் அவுக பார்த்துக்கிட்டா நமக்கு என்ன கஷ்டம்? சாயங்காலம் நாமளும் கொஞ்சம் உக்காருவோம்ல."

"சாயங்காலமா?" என்றார் நாகராசு.

"ஆமா. மொதல் தாள்ல காலை. இதுல மாலை."

சண்முகம் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

முதலில் புரிந்தது கண்ணாத்தாளுக்கு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவள் தோள் மட்டும் ஆடியது. அடுத்துக் காவ்யாவுக்கு. அவள் சிரிக்கவில்லை. "மாமா," என்றாள் மெதுவாக, "ஒங்க மாலையை யாராவது எடுத்துக்குவாங்கன்னு நெனைச்சீங்களா?"

சண்முகத்துக்குப் புரிந்தபோது அவர் முகம் ஒரு பலூனைப் போல உப்பியது. அதை உடையவிடாமல் பிடித்திருக்க அவர் பட்ட பாட்டை அன்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நாகராசு நின்ற இடத்திலேயே நின்றார். முதுகு இன்னும் நேராகத்தான் இருந்தது, காது மட்டும் சிவந்திருந்தது. முப்பத்து நான்கு வருடம். எத்தனை பேர் வரப்பைப் பத்திரத்தில் இருந்த ஒரே சொல்லை வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்.

காபி டம்ளரை ஒருவழியாகக் கீழே வைத்த பிளெஸ்ஸிதான் முதலில் பேசினாள். "தப்பு எம்மேலதாங்க ஐயா. சாயங்காலம்னுல்ல எழுதியிருக்கணும். இங்கிலீஷ்ல இருந்ததை அப்படியே மாத்தித் தட்டிட்டேன். கல்யாணப் பட்டியல்ல மாலைன்னு போட்டா யாருக்கா இருந்தாலும் கழுத்துல போடுறதுதான் ஞாபகம் வரும்."

நாகராசு அவளைப் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு தாள்ல ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் வரக் கூடாது" என்றார். "அதனாலதான் நிறுத்தி வச்சேன்."

"சரிங்க ஐயா."

"நாளைக்கு இதை வச்சு ஒரு வில்லங்கம் வந்தா யார் பதில் சொல்றது?"

"நீங்க பார்த்ததால தப்பிச்சோம் ஐயா."

சண்முகத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நாகராசு தாளை வாங்கி, 'மாலை' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'சாயங்காலம்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். பிளெஸ்ஸியையும் போடச் சொன்னார். அவளும் போட்டாள். பிறகு அவள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, நீங்க கொண்டுவர்ற மாலை என்ன நெறம்?"

"ஏன்?"

"மணவறைக்கு என்ன நெறம் வைக்கிறதுன்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். எல்லா வீட்டுலயும் பொடவை நெறத்தைத்தான் சொல்வாங்க. பொடவையை மாலை மறைச்சிடும். போட்டோவுல நெஞ்சு வரைக்கும் தெரியிறது பூராவும் மாலைதான். ஒங்க மாலையைப் பார்த்து நான் மேடை கட்டுறேன்."

மூன்று மாதமாக மாலையை நினைத்தவர் அதன் நிறத்தை நினைக்கவே இல்லை. எடுத்துப் போவது, மேடை ஏறுவது, கழுத்தில் போடுவது, அதோடு அவர் நினைப்பு நின்றிருந்தது. மாலை என்றால் மாலை.

"செவப்பு" என்றார் உறுதியாக. "ரத்தச் செவப்பு ரோஜா. நடுவுல சம்பங்கி."

காவ்யா, "சரி மாமா" என்றாள். ஆனால் அந்தச் சரி கொஞ்சம் தாமதமாக வந்தது. பட்டாவில் விடுபட்ட கொம்பைப் பிடிக்கிற கண்ணுக்கு அது தப்பவில்லை.

"ஒனக்கு வேற நெறம் புடிக்குமா ஆத்தா?"

"இல்ல மாமா. நீங்க கொண்டுவர்றது எதுன்னாலும்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ரோஸ் கலர் மாமா. வெளிர் ரோஸ். பன்னீர் ரோஜா மாதிரி. அவரு வேட்டிக்கரையும் அந்த நெறந்தான்." கைபேசியில் நெற்றி வேகமாக ஆமோதித்தது.

நாகராசு செருமினார். "அதைத்தான் நான் சொன்னேன். வெளிர் செவப்பு. ரத்தத்தைத் தண்ணியில கலந்த மாதிரி."

"ஐயய்ய, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்றாள் கண்ணாத்தாள்.

"பன்னீர் ரோஜா. எழுதிக்கம்மா" என்று பிளெஸ்ஸிக்குச் சொன்னார். "கீழ ஒரு வரி சேரு: கழுத்து மாலை, தாய்மாமன் கொண்டுவருவார். மேடையின் நிறம் அதற்கேற்ப அமையும்." அவள் எழுதினாள். பூவுக்கு ஆள் முடிவானது.

ஆவணியில் மாலை புதுக்கோட்டையில் கட்டி, வாழைமட்டையில் சுற்றி, பெட்டியில் வைத்து, காரில் முன்சீட்டில் ஏறியது. சீட் பெல்ட்டும் போடப்பட்டது. கண்ணாத்தாள் பின்சீட்டில் பலகாரத் தூக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து, முப்பத்தொன்பது வருடத்தில் தனக்கு ஒருநாளும் இந்த மரியாதை கிடைத்ததில்லை என்று உளுந்தூர்ப்பேட்டை வரை சொல்லிக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் பிளெஸ்ஸி பெட்டியைத் தன் கையால் தொடவில்லை. குளிர்ந்த அறை ஒன்றைத் திறந்துவிட்டு, "நீங்களே வைங்க ஐயா" என்று விலகி நின்றாள். மறுநாள் காலை முகூர்த்தத்தில் நாகராசு நிமிர்ந்த முதுகோடு மேடை ஏறினார். மணவறை முழுவதும் பன்னீர் ரோஜா நிறத்தில் அவருக்காகக் காத்திருந்தது. மருமகள் தலை குனிந்தாள். மாலை போட்டார். போட்ட பிறகும் ஒரு கணம் அவர் கை மாலையை விடவில்லை. இரண்டு பக்கமும் சமமாக விழுந்திருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னார்.

அன்னவாசலில் இப்போது ஒரு பேச்சு நடமாடுகிறது. நாகராசு சாயங்காலத்தைக் கழுத்து மாலை என்று தப்பாகப் படித்துவிட்டு, கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தாராம். சண்முகம் எந்தக் கடையில் டீ குடித்தாலும் அந்தக் கடையில் இது கேட்கிறது. இதில் உண்மை இல்லை. தாளில் இரண்டு பொருள் படும்படி எழுதியிருந்தது. நாகராசு அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். நடந்தது அவ்வளவுதான்.